லானியின் மின்சாரக் கார்

மின்சாரக் காருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் வரிச்சலுகை என்றதும், எங்கள் கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்யும் லானி அதை நம்பிக் கடனில் ஒன்று வாங்கிவிட்டான்.

"கட்டின வரியிலதான் கழிப்பாங்களாம். அதான் சம்பளத்துல அதிகமா வரி பிடிக்கச் சொல்லிட்டேன்டா," என்று பீற்றிக்கொண்டான். கையில் வரும் சம்பளம் குறைந்துபோய், வருஷம் முழுக்க என் சாண்ட்விச்சில் பாதியைத் தின்றான்.

ஏப்ரலில் வரிக்கணக்கு எழுதும் வெர்னாவிடம் அவனோடு நானும் போனேன். அவள் சிரித்தேவிட்டாள்.

"நாலு பிள்ளைக்காரன் நீ. உன் சம்பளத்துக்கு வரியே கிடையாதுப்பா, அப்புறம் எதுல கழிக்கிறது? பிடிச்சது உன் பணம், அது திரும்ப வந்துரும். சலுகை ஒரு காசு வராது."

"அப்ப யாருக்குத்தான் குடுக்குறாங்க?"

"நிறைய வரி கட்டுறவங்களுக்கு. இதே மாதிரி கார் வாங்கின உங்க மேனேஜருக்கு முழுசா வந்துச்சே!"

"அப்ப அந்த ஆளுகிட்ட என் சம்பளத்த ஏத்தச் சொல்லு. நானும் கௌரவமா வரி கட்டுறேன்."