கால் வலி என்று சொன்னவர்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு பேச்சுதான். தரமணியிலிருந்து வரும் பறக்கும் ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த பெண் போனில் சொன்னாள்: "கால் வலின்னு சொன்னது நீங்கதானே? அப்ப நீங்களே சொல்லுங்க." மந்தைவெளியில் இறங்கிப் போய்விட்டாள். மற்றதெல்லாம் என் கற்பனை. அவளுக்கு ஜஹீதா என்று பெயர் வைத்தேன்.

2

'பனி மூடிய சிகரங்களுக்கு அப்பாலிருந்து துப்பாக்கிகள்...'

(விட்டுவிட்டேன். நான் பனியைப் பார்த்ததே ஃப்ரிட்ஜில்தான். எந்த எல்லை என்றும் எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னதும் நீங்கள் கட்சி பிரிந்துவிடுவீர்கள்.)

ஜஹீதா மந்தைவெளியில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். கணவர் குலாம் ரசூல், எல்லையோர மலையில் சாலை போடும் கம்பெனியின் முகாமில் சமையல்காரர். சாந்தோமைச் சேர்ந்த லாரன்ஸை அங்கே ஸ்டோர் வேலைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்.

ஒரு விடியற்காலையில் ஆயுதக்காரர்கள் எல்லை தாண்டி, கணவாய் வழியாக இறங்கினார்கள். காவலுக்கு நின்றவர்களைச் சுட்டுவிட்டு, அரிசியையும் மாவையும் மூட்டை கட்டினார்கள். மூட்டை சுமக்க ஆள் வேண்டும் என்று உருதுவில் சொல்லி, குலாம் ரசூலைக் கைகாட்டினார்கள். "கால் வலி, மலை ஏற முடியாது" என்றார் அவர், அதே உருதுவில். பக்கத்தில் நின்ற லாரன்ஸை நோக்கித் துப்பாக்கி திரும்பியது. லாரன்ஸுக்கு உருது தெரியாது. என்ன பேசிக்கொண்டார்கள் என்பது புரியாமலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

3

லாரன்ஸ் இல்லாமல் ஊர் திரும்பிய பிறகு குலாம் ரசூலால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தி.நகர் வரை விறுவிறுவென்று நடப்பார். எதையும் வாங்காமல் திரும்பி வருவார்.

(வலி நிஜமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். நிஜம் என்றால் அவர் தப்பித்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன். ஆகவே, வலி இல்லை. ஜஹீதாவிடம் மட்டும் அதைச் சொல்லியிருக்கிறார்.)

லாரன்ஸின் மனைவி ரெஜினா அடிக்கடி வருவாள்.

"பாய், நல்லா யோசிச்சுப் பாருங்க. இத்தினி பேர் இருக்கசொல்ல அவரை மட்டும் இன்னாத்துக்கு இட்டுகினு போனாங்க?"

அவர் சுவரைப் பார்ப்பார். ஜஹீதா தையல் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள், அந்தச் சத்தத்தில் கேள்வி முழுகிப்போகட்டும் என்று. தப்பான தையலைப் பிறகு பிரித்துக்கொண்டிருப்பாள்.

4

கம்பெனியிலிருந்து போன் வந்தது. கணவாயில் மறுபடியும் சண்டை. ராணுவம் ஒருவரை மீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. முகமெல்லாம் காயம், பேச்சில்லை. அடையாளம் காட்ட ஆள் வர வேண்டும்.

ஜஹீதா அப்போது தரமணியில் பிளவுஸ் கொடுத்துவிட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன குலாம் ரசூல், "ரெஜினாகிட்ட நீயே சொல்லிடேன்" என்றார்.

"எதை? போன் வந்ததையா?"

"எல்லாத்தையும்."

அதற்கு அவள் சொன்ன பதில்தான் எனக்குக் கேட்டது.

5

சொன்னார்.

"தங்கச்சி, அவங்க கூப்ட்டது என்னைத்தான். கால் வலின்னு பொய் சொன்னேன்."

'ரெஜினா அவரை அறைந்...' இல்லை. 'ரெஜினா அவரை மன்னித்...' அது இன்னும் மோசம்.

ரெஜினா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவரு உங்களைப் பாத்தாரா?"

"பாத்தாரு. நான் தலைய குனிஞ்சுகினேன்."

மிஷின் ஓடவில்லை. ஜஹீதா துணியைப் பிடித்தபடியே இருந்தாள். ரெஜினா போய்விடுவாள், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று நினைத்தாள். ரெஜினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டிக்கெட் போடுங்க பாய். அந்த ஊரு பாஷை எனக்குத் தெரியாது. அங்க யார் இன்னா சொன்னாலும் அப்டியே எனக்குச் சொல்லணும். ஒண்ணைக்கூட முழுங்கக் கூடாது."

"நானும் வரேன்க்கா" என்றாள் ஜஹீதா.

6

கட்டிலில் இருப்பது லாரன்ஸ் என்று ஒரு முடிவு எழுதினேன். யாரோ என்று இன்னொன்று. இரண்டையும் அழித்துவிட்டேன். எதை எழுதினாலும் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

வார்டு வாசல்வரை மூவரையும் கொண்டுவந்து விட்டேன். குலாம் ரசூலும் ரெஜினாவும் உள்ளே போனார்கள். ஜஹீதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் நான். கதவைச் சாத்தவில்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள் போங்கள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.