டேப்புக்கு அடியில் சந்தனம்

வெள்ளிக்கிழமை என்றால் அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்துவிடும். "அப்பா வச்ச பொட்டு எப்படி இருக்கு? போட்டோ அனுப்பு." ரிஷி பழைய போட்டோ ஒன்றையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தான்.

பொட்டு, பைக்கின் முன் மட்கார்டில் இருந்தது. போன ஆயுத பூஜைக்கு அப்பா வைத்தது. உடம்பு முடியாத நிலையிலும் எழுந்து வந்து சந்தனத்தை அழுத்தி வைத்தார். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து காய்ந்துபோனது. தை மாதம் அவர் போய்விட்டார். வேலை கிடைத்து ரிஷி விருத்தாசலத்திலிருந்து கல்கத்தா கிளம்பியபோது பைக்கும் ரயில் ஏறியது. பார்சல்காரர் கோணி சுற்றுவதற்கு முன்னால் அம்மா ரங்கநாயகி ஓடிப்போய் செல்லோடேப் வாங்கி வந்தாள். "ஈரம் பட்டா கரைஞ்சிடும்டா" என்று பொட்டின்மேல் தானே ஒட்டி, ஓரமெல்லாம் நகத்தால் நீவிவிட்டாள்.

கல்கத்தாவின் பாலிகஞ்சில் அவன் குடியிருந்த சந்தில் மழை பெய்தால் பைக்கின் பாதிச் சக்கரம் தண்ணீரில் நிற்கும். ஆடியும் ஆவணியும் அப்படியே போயின. டேப்புக்குள் முதலில் ஈரம் பூத்தது. பிறகு ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு நிறம். கடைசியில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியது. ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்ப்பான். தொடப் பயம்.

புரட்டாசி பிறந்ததும் அம்மா எழுதினாள்: "இந்த வருஷம் பூஜைக்கு நான் அங்க வரேன். அவர் விரல் பட்ட இடத்துல கை வச்சுக் கும்பிடணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை கிடர்பூருக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே ஏழுமலை என்பவர் பெயிண்ட் பட்டறை வைத்திருந்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேயே, துறைமுகத்துப் பக்கம். வீட்டில் மட்டும் தமிழ்.

"என்ன தம்பி, மட்கார்டுக்கு அடிபட்டுடுச்சா? பிளாஸ்திரி போட்டிருக்க?"

ரிஷிக்குச் சிரிப்பு வரவில்லை. "டேப்ப எடுக்காம துருவ மட்டும் எடுக்க முடியுமாண்ணா?"

"ஆரே பாபா! சட்டையக் கழட்டாம முதுகு தேச்சு விடச் சொல்றியே!"

அவர் நகத்தால் ஒரு முனையை நெம்பி இழுத்தார். டேப்போடு சந்தனமும் வந்தது. பாதி வழியிலேயே சேறாகி உதிர்ந்தது. அடியில் தகரம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தட்டினார். முனை மறுபக்கம் வந்துவிட்டது.

"தண்ணி உள்ள பூந்திருக்கு. டேப்பு அத வெளிய விடல. சும்மா விட்டிருந்தா சந்தனந்தான் உதிர்ந்திருக்கும். எந்த புத்திசாலி ஒட்டினது?"

"நான்தான்" என்றான் ரிஷி.

"நல்லா ஒட்டின போ."

"அது எங்கப்பா வச்ச பொட்டுண்ணா. அவர் இப்ப இல்ல."

ஏழுமலை ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாய் பாட்டுக்குப் பேசிட்டேன் பாரு." உப்புத்தாளைக் கிழித்தவர், அவன் கை நீட்டுவதைப் பார்த்து அவனிடமே கொடுத்தார்.

ரிஷி தேய்த்தான். துரு பொடிப்பொடியாக விழுந்து விரல் இடுக்கில் ஒட்டியது. வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தான். நடுவில் பொட்டு அளவுக்கு ஓட்டை. ஏழுமலை உள்பக்கம் சின்னத் தகடு வைத்து, மேலே பட்டி பூசி இழைத்து, பிரைமர் அடித்தார். அது காயட்டும் என்று ரிஷி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். போன் சத்தம் போட்டது.

"டிக்கெட் எடுத்தாச்சுடா."

அவன் தமிழில் தட்டச்சு செய்பவன் இல்லை. மைக்கை அழுத்திப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும். "அம்மா, டேப் ஒட்டினதால உள்ள ஈரம்..." எழுத்துகள் வரிசையாக வந்தன. ஓரத்தை நீவிவிட்ட அம்மாவின் நகம் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் அழித்தான்.

மறுபடி அழுத்தினான். "அம்மா, வண்டி கழுவறப்ப ஞாபகமில்லாம டேப்பப் பிச்சு தேச்சிட்டேன். பொட்டு போயிடுச்சு." இரண்டு இடத்தில் நிறுத்தித்தான் பேச முடிந்தது. எழுத்தில் அது தெரியவில்லை. அனுப்பினான்.

அம்மா எழுதவில்லை, கூப்பிட்டாள்.

"அவர் விரல் அது ஒண்ணுதானடா மிச்சம் இருந்துச்சு. அதக்கூடக் காப்பாத்தத் தெரியலையா உனக்கு?"

"தெரியலம்மா."

"நான் எவ்வளவு பாத்துப் பாத்து டேப் ஒட்டி அனுப்பினேன்!"

"நீ நல்லாத்தாம்மா ஒட்டியிருந்த. நான்தான் கெடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு லைன் கட்டானது.

ஏழுமலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு மட்கார்டைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சு தம்பி. கறுப்பு அடிச்சிடவா?"

ரிஷி சரியென்று தலையை ஆட்டினான்.