வாய் நிறைய முட்டை

பிச்சாட்டூர் ஏரியில் நான் ஒரு முறை பிடித்த கெளுத்தி, பாதி வழியில் பாவமாகப் பார்த்தது. புத்தூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அரை டிக்கெட்தான். இதை யமுனாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஐந்து வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

திருப்பதியில் ஒரு மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி கழுவுவது என் வேலை. யமுனா அங்கே பிஎச்.டி. மாணவி. ஒரு மீன் எதனால் ஆணாகிறது, எதனால் பெண்ணாகிறது என்பது அவளுடைய கேள்வி. ஜிலேபி மீனின் முட்டைக்குள் ஊசி போட்டு, ஆணாக்குகிற மரபணுவைக் கத்தரித்துவிடுவாள். இருநூறு முட்டைகளில் கத்தரிப்பு சரியாக விழுந்து, பிழைத்தும் கிடந்தது ஒன்றே ஒன்று. ஏழாம் நம்பர் தொட்டி. வாலில் துளி வெட்டிச் சோதித்ததில் பிறப்பால் ஆண் என்று வந்தது. உடம்பு பெண்ணாக மாறியிருந்தால் அவளுக்குப் பட்டம். வயிற்றை அறுத்தால் தெரிந்துவிடும். மாதக் கடைசியோடு அவளுடைய காலக்கெடு முடிகிறது.

"இன்னிக்கி அறுத்துரலாம் தாத்தா. நீ புடிச்சிக்கோ."

"புரட்டாசி சனிக்கெழம மா. நான் புடிக்க மாட்டேன்."

"நேத்து நெத்திலி துன்னது யாரு?"

"நேத்து வெள்ளிக்கெழம. அது வேற."

அவள் ஜன்னல் வழியாகத் திருமலையைப் பார்த்தாள். நகரியில் அவள் அம்மா அன்றைக்குப் பெருமாளுக்குத் தளிகை போட்டுக்கொண்டிருந்தாள். கத்தியைத் திரும்ப உறையில் செருகினாள்.

"சரி. திங்கக்கெழம."

ஞாயிறு காலை தொட்டி கழுவப் போனேன். ஏழாம் நம்பர் மீனுக்குத் தாடை வீங்கியிருந்தது. மெல்லப் பிடித்து வாயைத் திறந்தால், மஞ்சள் சோளக் குருணை மாதிரி முட்டை. ஜிலேபியில் பெண்தான் இப்படி வாயில் வைத்து அடைகாக்கும். அப்போதே போன் செய்திருக்கலாம். திங்கட்கிழமை அவளே வந்து பார்க்கட்டும், அந்த முகம் சிரிக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. தண்ணீருக்குக் காற்று ஊதுகிற மோட்டாரைப் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது.

திங்கட்கிழமை மீன் மல்லாந்து மிதந்தது. மூச்சு முட்டியதில் முட்டையைத் துப்பியிருக்க வேண்டும். கரண்ட் வந்ததும் வடிகட்டி இழுத்து அரைத்துச் சேறாக்கிவிட்டது. யமுனா வயிற்றை அறுத்தாள். உள்ளே எல்லாம் கூழ்.

"நான் பாத்தேன் மா. வாய் நெறைய முட்ட."

"கெளுத்திக்கு டிக்கெட் எடுத்ததும் நீதான?"

"இது அப்படி இல்ல."

"போட்டோ எடுத்தியா?"

"இல்ல."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கையுறையைக் கழற்றாமலே அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி ஹரிபாபு சாருக்குப் போன் போட்டு, தெலுங்கில் இரண்டே வாக்கியம் பேசினாள். மறுபடி ஊசியிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு அனுமதி கிடைக்காது என்பது அந்தப் பக்கக் குரல் தாழ்ந்ததிலேயே எனக்குப் புரிந்தது.

மரபணு மாற்றிய மீனைக் குப்பையில் போடக்கூடாது. எரிக்க வேண்டும், எரித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும், தொட்டிக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். யமுனா எழுதினாள்: தொட்டி ஏழு, ஒன்று, பாலினம் தெரியவில்லை.

"போடு தாத்தா."

அறுபத்தெட்டு வருஷமாகப் புளுகியிருக்கிறேன். எதையும் எழுத்தில் கொடுத்ததில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.