பெட்டி மேல் சிரிக்கும் பிள்ளை

1

இந்தக் கதை ஒரு பழைய மத்தாப்புப் பெட்டியிலிருந்து பிறந்தது என்று சொன்னால் நம்புவீர்கள். பிறந்தது ஒரு புதுப் பெட்டியிலிருந்து. 2007இல் சாத்தூர் பேருந்து நிலையத்துக் கடையில் அதைப் பார்த்தேன். பழையதாகத் தெரியவேண்டும் என்பதற்காக மூலைகளில் மஞ்சள் கறையைச் சேர்த்து அச்சடித்திருந்தார்கள். மேலே ஒரு வாசகம்: 'உங்கள் சின்ன வயசுத் தீபாவளி, அப்படியே.' கறையைக்கூட அச்சடிக்கிறவர்கள் வேறு எதைத்தான் அச்சடிக்கமாட்டார்கள்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை விட்ட ஐப்பசிக் காலையில், முறுக்கு பொரியும் வாசனை தெருவெல்லாம்...'

[நிறுத்திவிட்டேன். இதுவும் பெட்டி வாசகம்தான். ஆனால் வாசனை உங்களுக்கு வந்துவிட்டது, இல்லையா?]

2

முருகேஸ்வரிக்கு முப்பத்தேழு வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புக் கம்பிகளை மருந்தில் முக்கி எடுக்கிற வேலை. (கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் தேடிப்போவீர்கள்.) மூன்று வருடமாக இருமல். பெட்டி ஒட்டுகிற செட்டுக்கு, மருந்து இல்லாத கொட்டகைக்கு, மாற்றிவிடுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளியின் மகன் பிரபாகரன் அவளைக் கூப்பிட்டான். சென்னையில் விளம்பரக் கலை படித்துவிட்டு அந்த வருடம்தான் வந்திருந்தான். மேசையில் ஒரு பழைய லேபிள். பச்சைப் பாவாடை கட்டிய ஒன்பது வயதுப் பிள்ளை, கையில் பொறி தெறிக்கும் மத்தாப்போடு சிரித்தது.

"அக்கா, இது நீங்களாமே?"

"நாந்தேன், சின்ன மொதலாளி."

"இதே படத்தைத்தான் இந்த சீசனுக்குப் போடுறோம். நீங்க கேமரா முன்னாடி ஒரே ஒரு வரி சொல்லணும். 'இந்த மத்தாப்புதான் என் முதல் தீபாவளி.' சொல்லிட்டா அடுத்த வாரத்துல இருந்து நீங்க பெட்டி செட்டு."

சாயங்காலம் வீடு திரும்பும் வேனில் வேலுத்தாய் அவளை விடவில்லை. இருவரும் ஒரே செட்டில் வேலை பார்க்கிறவர்கள்.

"ஏளா, சினிமாக்காரி! அந்தப் பாவாடை இப்ப ஒரு காலுக்காவது காணுமா?"

"அது என் பாவாடையே இல்ல. படம் புடிக்க வந்தவன் கொண்டாந்தது. புடிச்சதும் அவுத்து வாங்கிட்டுப் போயிட்டான்."

3

இங்கேதான் முருகேஸ்வரி மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

திங்கட்கிழமை அப்படிச் சொன்னவள், புதன்கிழமை வேலுத்தாயிடம், "பாவாடைக்குச் சரிகைக் கரை உண்டு" என்றாள். வெள்ளிக்கிழமை, "எங்கய்யா விருதுநகர்ல எடுத்தது" என்றாள். பிறகு தன் புறங்கையைத் தடவிக்கொண்டு, "பொறி இங்கனதான் தெறிச்சுச்சு" என்றாள்.

பொய் சொல்கிறாளா? அப்படித் தோன்றவில்லை. லேபிளைப் பார்க்கப் பார்க்க அந்தத் தீபாவளி அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. நூலகத்து மொழிபெயர்ப்பு நாவல்களில் கதவைத் திறந்தால் வெளியே பனி விழும். விருதுநகரைத் தாண்டாத எனக்கும் அந்தப் பனி ஞாபகமாகவே இருக்கிறது. இதில் அவளை எப்படிக் குறை சொல்ல?

சனிக்கிழமை கம்ப்யூட்டரில் லேபிளைப் பெரிதாக்கிக் காட்டினான் பிரபாகரன். பிள்ளையின் விரல் நுனிகள் சாம்பல் நிறத்தில் மினுங்கின.

"ஏதோ அழுக்கு. இதை மட்டும் அழிச்சிருவோம்."

முருகேஸ்வரி பார்த்தாள். பிறகு தன் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

4

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்குள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு. நான் எழுதிவைத்திருந்தது இது: 'மத்தாப்பின் வெளிச்சத்தில் அவள் கண்கள் கலங்க, இருபத்தெட்டு வருடம் ஒரு நொடியில்...'

[அடித்துவிட்டேன். ஏனென்றால் மத்தாப்பு எரியவில்லை.]

அவள் கையில் ஒரு மத்தாப்பைக் கொடுத்துவிட்டு, கேமராக்காரன் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். கேட்டில் வேலைக்காரர்களின் மடியைத்தான் தடவிப் பார்ப்பார்கள். முதலாளி வீட்டுக் காரில் வருகிறவர்களைப் பார்ப்பதில்லை. குச்சியை உரசினான். அடுத்த நொடி முருகேஸ்வரி அவன் கையை ஓங்கித் தட்டிவிட்டிருந்தாள். கீழே விழுந்த குச்சியைக் காலால் மிதித்து மண்ணோடு தேய்த்தாள்.

"ஏலே, கூறு இருக்கா? கம்பெனிக்குள்ள வந்து தீக்குச்சி உரசுத!"

பிரபாகரன் வெலவெலத்துப்போனான். அவளும்தான். பிரபாகரன் கையிலிருந்த பழைய லேபிளைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பின்னால் இதே தண்ணீர்த் தொட்டி. அன்றைக்கும் இங்கே யாரும் மத்தாப்பு கொளுத்தியிருக்க முடியாது. பொறி, அச்சகத்து ஓவியன் வரைந்தது. ஒன்பது வயதிலேயே இங்கே வேலை பார்த்தவளை நடுவில் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப உட்காரச் சொன்னார்கள். விரலில் இருப்பது மருந்து.

5

"சின்ன மொதலாளி, நீங்க சொன்ன வரியச் சொல்லுதேன். ஆனா அந்த விரல அழிக்கப்படாது."

"அழுக்காத் தெரியுதேக்கா."

"அழுக்கு இல்ல. மத்தாப்பப் பத்துப் பத்தா எண்ணிக் கட்டுன கை."

"அம்புட்டுச் சின்னதா இருக்கிறதை யாருக்கா பார்க்கப் போறாங்க?"

"யாரும் பாக்காட்டி, இருந்துட்டுப் போகட்டுமே."

பிரபாகரன் சிரித்தான். "முதல்ல வரியைச் சொல்லுங்க. அப்புறம் பார்ப்போம்." கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

6

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன். வரியைச் சொல்கிறாள், பெட்டி செட்டுக்குப் போகிறாள், விரலை அழித்துவிடுகிறார்கள். அல்லது, சொல்லாமல் நடக்கிறாள். திங்கட்கிழமை மறுபடி மருந்துச் சட்டி. அல்லது, அவனே மனம் மாறி விரலை விட்டுவிடுகிறான், அவளும்... இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பமுடியவில்லை.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். சின்ன வயதில் உங்கள் வீட்டுக்கும் அந்தப் பெட்டி வந்திருக்கும். நினைத்துப் பாருங்கள். பச்சைப் பாவாடை, சரிகைக் கரை, சிரிக்கும் பிள்ளை. அவள் விரல் என்ன நிறம்?

ஞாபகம் வருகிறதா?

அப்படி ஒரு பெட்டியை நீங்கள் பார்த்ததே இல்லை. சரிகையைச் சொன்னது முருகேஸ்வரி; லேபிளில் அது இருந்தது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.