முட்டிக்கு எந்தக் கோயில்?

என் வீட்டுக்காரர் முத்தப்பன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததற்கு லாரியோ பஸ்ஸோ காரணமில்லை. அமராவதிபுதூர் வளைவில் ஒரு கோழி குறுக்கே வந்தது. கோழி பிழைத்துக்கொண்டது. இவருக்கு இடது முட்டிக்குள் எலும்பின் முனையில் வழுவழுவென்று இருக்கும் குருத்தெலும்பு, ஒரு துண்டு எலும்போடு பெயர்ந்துபோனது. ஒரு வருஷமாகக் காலை நீட்டியபடியே கிடந்தார். முப்பத்தாறு வயதில் கக்கூஸ் போகக்கூட என் தோள் வேண்டியிருந்தது. எனக்குத் தோளும் போச்சு, பொறுமையும் போச்சு.

எழுபத்துநாலில், சீமையில் படித்து வந்த மதுரை டாக்டர் ஒருவர் வழி சொன்னார். இன்னொருவர் முட்டியிலிருந்து குருத்தெலும்பை அடியெலும்போடு வில்லையாக அறுத்து, இவர் முட்டியில் பள்ளம் விழுந்த இடத்தில் பதிக்கலாம். விபத்தில் யாருக்காவது காலை எடுக்க நேர்ந்து, முட்டி மட்டும் நன்றாக இருந்து, அவரும் சம்மதித்தால், அன்றைக்கே செய்ய வேண்டும்.

என் மாமனாரின் அண்ணன் மெய்யநாதன் உடனே குடும்பத்தைக் கூட்டினார். எங்கள் நகரத்தாருக்கு ஒன்பது கோயில்; ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் எல்லாம் பங்காளிகள். பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, உண்டு. அந்தப் பிள்ளை ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

"வீட்டுக்குள்ள வர்ற பிள்ளைக்கே அப்படின்னா, உடம்புக்குள்ள வர்ற முட்டிக்கு? நம்ம கோயில் பங்காளி முட்டிதான் வேணும்" என்றார் பெரியவர்.

அன்றிலிருந்து எங்கள் கோட்டையூரில் எந்தப் பங்காளி சைக்கிளில் ஏறினாலும் பெரியவர் ஆவலோடு பார்ப்பார். டாக்டரிடமும் போய் வாதாடினார்.

"ஐயா, குருத்தெலும்புக்கு ரத்தமே போகாது. ரத்தம் போகாத இடத்துக்குக் கோயில் எப்படிப் போகும்?" என்றார் டாக்டர்.

"டாக்டர் பையனுக்குச் சின்ன வயசு" என்று முடித்துவிட்டார் பெரியவர்.

ஆடி மாதம் மதுரையிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. திருப்பத்தூரில் மூட்டை ஏற்றும் ஆள், இருளாண்டி என்று பெயர், லாரி ஏறித் தொடை நசுங்கிவிட்டது. காலை எடுக்கிறார்கள். கொடுக்கச் சம்மதித்துவிட்டான்.

"ஆளு என்ன கோயிலு?" என்றார் பெரியவர், போனைப் பிடித்துக்கொண்டு.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் எதிரே நான் சத்தமாகப் பேசியதில்லை. ரிசீவரைப் பிடுங்கி, "இப்பவே வாரோம்" என்றேன். இவரைக் காரில் ஏற்றிக் கிளம்பினேன். பெரியவர் பின்னாலேயே கத்திக்கொண்டு தெருமுனைவரை ஓடி வந்தார். அவருடைய முட்டிகள் நன்றாகத்தான் வேலை செய்தன.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, எலும்பு ஒட்டிவிட்டது, இனி தினமும் மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் முட்டி இறுகி ஆயுசுக்கும் மடங்காது என்றார் டாக்டர். இவர் மடக்கினால்தானே? "கழண்டு விழுந்துட்டா?" என்று பட்டுத் தலையணையில் முட்டியை வைத்து, விசிறிக்கொண்டு கிடந்தார். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அடித்துமிருப்பேன், முட்டி போய்விடுமே என்றுதான் விட்டேன்.

ஒரு நாள் காலை, கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு ஒருவன் வாசலில் நின்றான். முப்பது வயதுகூட இருக்காது.

"நாந்தேன் ஆச்சி, இருளாண்டி. முட்டியப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பெரியவர் உத்தரத்தை எண்ண ஆரம்பித்தார். நான் அவனை நேரே அறைக்குள் அழைத்துப் போனேன். இருளாண்டி பட்டுத் தலையணையைப் பார்த்தான்.

"என்ன செட்டியாரே, இப்படிச் சீராட்டி வச்சிருக்கீக? மூட்டையோட லாரி ஏறுன முட்டி இது. மடக்குங்க."

"வலிக்கும்ப்பா."

"எனக்கு இல்லாத காலே வலிக்குது. மடக்குங்கங்கிறேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் கை கொடுத்தான். இவர் பழனி முருகனைக் கூப்பிட்டார், பிறகு டாக்டரின் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். முட்டி மடங்கியது. குதிகால் மெத்தையில் பதிந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

இருளாண்டி கையை எடுக்கவில்லை. நீட்டினான், மறுபடி மடக்கினான். இந்த முட்டியைப் பற்றி டாக்டரிடம் ஆயிரம் கேள்வி கேட்டவள் நான். அதைக் கொடுத்தவன் எப்படி எழுந்து நடக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

"நாளைக்கும் வரட்டா ஆச்சி?" என்றான். "இது நடக்கிறத ஒருக்காப் பாக்கணும்."