முப்பத்தொன்பதின் வாசலில் பத்து விமானங்கள்

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, நூற்று நாற்பத்திரண்டு பயணிகளோடு ஒரு விமானம், தையல்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் இருந்த முப்பத்தொன்பதின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதன் இறக்கைகள் தெருவின் அகலத்தைப்போல மூன்று மடங்கு. ஆனாலும் தெரு இடம் கொடுத்தது. தையல்கடை தன் மேசை, இயந்திரம், தைக்கக் கொடுத்திருந்த துணிகள் சகிதம் எட்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. சலவைக்கடைக்காரர் கொடியை மட்டும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விமானி இறங்கி வந்து, தான் கிளம்பியது வேறு ஊருக்கு என்றும், நடுவழியில் விமானம் தானாகத் திரும்பியது என்றும், அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டதாகவும் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கேட்டார். பயணிகளில் பாதிப் பேர் கோபத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் கழிப்பறை எங்கே என்று விசாரித்தார்கள். குடலிறக்க அறுவைக்குப் பிறகு வீட்டோடு இருந்த முப்பத்தொன்பதின் கணவர் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர், அவருக்கு அது கைவந்த வேலை.

முப்பத்தொன்பது என்பது அவளுடைய முத்திரை எண். ஊரின் கிழக்கே இருந்த விமானத் தொழிற்சாலையில் அவள் இருபத்தாறு வருடமாகச் சோதனையாளர். அங்கே ஒவ்வொரு சோதனையாளருக்கும் ஒரு முத்திரைக்கட்டை உண்டு. செய்த வேலையைத் தொட்டுத் தடவி, இண்டு இடுக்கில் கண்ணாடி விட்டுப் பார்த்து, சரி என்று பட்டால்தான் அதன் ஓரத்தில் ஊதா மையில் எண்ணைப் பதிப்பார்கள். அதன் பிறகு அந்த இடத்தைத் தகடு போட்டு மூடிவிடுவார்கள். மூடியதை உலகத்தில் யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. அதில் பறக்கிறவர்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த முத்திரைதான். அவளுடைய உண்மைப் பெயர் தொழிற்சாலையில் யாருக்கும் நினைவில்லை. வீட்டில்கூட, சண்டை வந்தால் கணவர் அவளை முப்பத்தொன்பது மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

விமானம் தன் பின்பக்கச் சரக்குக் கதவை அவள் வாசற்படிக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றது. அவள் உள்ளே போய் டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்து வந்து, ஏணி போட்டு ஏறி, கதவுச் சட்டத்தின் தகட்டைக் கழற்றினாள். உள்ளே அவளுடைய முத்திரை இருந்தது. நிமிர்ந்து, நேராக இருந்தது. இளவயதில் அச்சு இயந்திரத்தில் மாட்டி நசுங்கிய கட்டைவிரலால் அவளுக்கு நேராகக் குத்தவே வராது. இருபத்தாறு வருடமாக அவள் போட்ட ஒவ்வொரு முத்திரையும் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அப்புறம் அவள் கதவுச் சட்டத்தைப் பிணைத்திருந்த ஆணிகளை, ரிவெட்டுகளைப் பார்த்தாள். இருபத்திரண்டும் ஓர் அளவு குட்டை. தகட்டைத் தாண்டிப் பின்னால் விரிந்து கவ்வ வேண்டிய வால் ஒன்றிலும் சரியாக விரியவில்லை. தரையில் நின்றால் அந்தக் கதவு நூறு வருடம் நிற்கும். மேலே, காற்றழுத்தம் உள்ளிருந்து தள்ளத் தள்ள, ஒவ்வொன்றாகத் தெறித்து, ஒருநாள் கதவு தனியாகவும் விமானம் தனியாகவும் போகும். முத்திரைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த சோதனை அட்டையில் இருந்த தேதி, அவள் ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள்களில் ஒன்று.

விடுப்பில் போகிறவர்கள் முத்திரையைச் சாமான் அறையின் ஜன்னலில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அதைப் பூட்டி வைப்பார்கள். அவள் விடுப்பு எடுத்த அன்று, சரக்குச் சரிபார்ப்பு என்று ஜன்னலை மூடியிருந்தார்கள். கணவரை ஆட்டோவில் வைத்துவிட்டு ஓடி வந்தவள், கதவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்த தன் தம்பியிடம், "ஜன்னல் திறந்ததும் குடுத்துடுடா" என்று கட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவ்வளவு வருடத்தில் அவள் செய்த ஒரே தப்பு அது. அவள் விடுப்பில் இருந்த பதினோரு நாளில் பதினோரு விமானங்கள் அந்தப் பிரிவைத் தாண்டிப் போயின.

அன்றைக்கே அவள் தொழிற்சாலைக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். துணைத்தலைவர் அதைப் படித்துவிட்டு, வாய் கூசாமல், "உங்க முத்திரைதானேம்மா இருக்கு? அப்ப நீங்கதானே பொறுப்பு?" என்றார். அவள் விடுப்புப் பதிவேட்டைக் கேட்டாள். அந்த மாதத்துப் பதிவேடு மட்டும் கரையான் அரித்துவிட்டதாம். இரும்பு அலமாரியில், அதற்கு முந்தைய மாதத்தையும் அடுத்த மாதத்தையும் தொடாமல் போன நாகரிகமான கரையான். முத்திரையை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். தம்பி பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள்.

அடுத்த புதனன்று இரண்டாவது விமானம் வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. எல்லாம் ஒழுங்காக, முன்னால் வந்ததற்குப் பின்னால் நின்றன, எல்லாம் சரக்குக் கதவை அவள் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு. இழுவை வண்டி வைத்து இழுத்துப் போனால் தெருமுனைவரை போகும். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும். ஐந்தாவது வந்தபோது தெரு அரை மைல் நீண்டிருந்தது. தபால்காரர் மட்டும் சைக்கிள் மிதிக்க நேரமாகிறது என்று புகார் எழுதிப் போட்டார். இரண்டு மாதத்தில் பத்து விமானங்கள் சேர்ந்துவிட்டன.

விமானம் இப்போதெல்லாம் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. இறக்கை ஒரு நாட்டில், வால் ஒரு நாட்டில், இஞ்சின் இன்னொரு கண்டத்தில், கதவின் வரைபடம் வேறெங்கோ. இங்கே எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவார்கள். ஆகவே உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் உற்பத்தியாளர்களும் வடிவமைப்பாளர்களும் இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். இறக்கைக்காரர்கள் இறக்கையைத் தட்டிப் பார்த்து எங்கள் பங்கு குறையற்றது என்று எழுதினார்கள். வால்காரர்களும் அதையே எழுதினார்கள். இஞ்சின்காரர்கள் இஞ்சினை நிறுத்திய பிறகும் விமானம் இழுவை வண்டியிடமிருந்து திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, எரிபொருள் சிக்கனம் பாராட்டத்தக்கது என்று எழுதினார்கள். இறக்கையைவிடக் குறுகிய தெருவில் இறக்கை எப்படி நிற்கிறது என்று இரண்டு நாள் அளந்து பார்த்த ஒரு குழு, தெருவின் அளவில் பிழை இருப்பதாக முடிவு கட்டியது. ஆளாளுக்குத் தன் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த ஒரு பொருளை யாருமே செய்யவில்லை. கதவை வரைந்த பெரியவர் ஒருவர்தான் ஏணியில் ஏறினார். அவள் கொடுத்த கண்ணாடியில் இருபது நிமிடம் பார்த்தார். இறங்கி வந்து, தான் வரைந்த ரிவெட் இது இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் அவள் காதோடு சொன்னார். சொல்லிவிட்டுப் போய், மேலும் ஆய்வு தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களாவது பார்க்காமல் எழுதினார்கள்.

குட்டை ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டுச் சரியானதை அடிக்க விடுங்கள், பத்து விமானத்துக்கும் நாற்பது நாள் போதும் என்று அவள் கேட்டாள். துணைத்தலைவர் விடவில்லை. பழுது பார்த்தால் பழுது இருந்தது என்று ஆகிவிடுமாம். அதற்குப் பதிலாக, பட்டுத்துணி விரித்த ஒரு பெட்டியில் முப்பத்தொன்பதாம் எண் முத்திரையைக் கொண்டுவந்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் தன் கையாலேயே முதல் விமானத்தில் குத்தினார். மை ஒட்டவில்லை. முத்து முத்தாக உருண்டு அவர் காலணியில் விழுந்தது. அவர் பத்து விமானத்திலும் குத்திப் பார்த்தார். அந்த ஊதாக் காலணியோடுதான் மறுநாள் செய்தித்தாளில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் காலணியைப் பற்றிக் கவலை இல்லை. பதினோராவது விமானம் எங்கே? அது தினமும் கடலைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது, நூற்று எண்பது பேர், நூற்றுத் தொண்ணூறு பேர் என்று ஏற்றிக்கொண்டு. அதை நிறுத்துங்கள் என்று அவள் ஆறு முறை எழுதினாள். அதில் உங்கள் முத்திரை இல்லை, எனவே அது உங்கள் விஷயம் இல்லை என்று ஆறு முறையும் ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது.

ஆறாவது பதில் வந்த மறுநாள் மதியம் தம்பி வந்தான். மூன்று மாதமாக அவள் முகத்தில் விழிக்காதவன். விமானச் சக்கரத்தின் நிழலில் நின்றுகொண்டு, வாசலில் ஏறாமல் பேசினான்.

"அக்கா, நீ என்னை நாலு அறை அறைஞ்சிடு."

"அறைஞ்சா ரிவெட்டு நீளமாயிடுமா? இருபத்தாறு வருஷத்துப் பேரைத் தூக்கி உன் சட்டைப்பையில போட்டுக்கிட்டியேடா."

"மாசக் கடைசிக்கா. சரியான ரிவெட்டு வரலை. லைனை நிறுத்தினா உன்னை நிறுத்திடுவேன்னு துணைத்தலைவர் தலைமேல நின்னாரு. கட்டை பையில இருந்துச்சு."

"பதினொண்ணாவது எங்கடா? அது மட்டும் ஏன் வரலை?"

அவன் கீழே பார்த்தான். "கடைசி நாள் மை காஞ்சிடுச்சு. பேனாவால என் கையெழுத்தைப் போட்டேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த விமானத்துக்குத் தேடி வர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளோ, மூன்று மாதமாக, அது என் கையெழுத்தே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

"வாயைத் திறக்காம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்கக்கா."

"உனக்கு ஒண்ணும் ஆகாது. அதுல உக்காந்திருக்கானே, அவனுக்கு?" என்றாள். அவள் குரல் தையல்கடை வரைக்கும் கேட்டது. "உன் பொண்ணுங்க ரெண்டையும் அதுல ஏத்தி அனுப்புவியாடா? அனுப்புவேன்னு சொல்லு, நான் இத்தோட விட்டுடறேன்."

அவன் விமானங்களின் நிழல் வழியாகத் தெருமுனைக்கு நடந்தான்.

மறுநாள் மூன்றாவது விமானத்தின் இறக்கைக்குக் கீழே இருபத்துமூன்று பேரின் நிறைவுக் கூட்டம் நடந்தது. எல்லாம் நலமே என்று துணைத்தலைவர் பூசி மெழுகிக்கொண்டிருந்தபோது தம்பி எழுந்தான். முத்திரை வைத்தது தான் என்றும், ரிவெட் குட்டை என்று தெரிந்தே வைத்ததாகவும், வைக்கச் சொன்னது யார் என்றும், பதினோராவதில் இருப்பது தன் கையெழுத்து என்றும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். இவருக்கு உடம்பு சரியில்லை என்றார் துணைத்தலைவர். ஒலிபெருக்கியை அணைத்தார்கள்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பதினோராவது விமானம் தம்பி குடியிருந்த கட்டடத்தின் நான்காவது மாடிக்கு வெளியே, காற்றில், சரக்குக் கதவைச் சமையலறைப் பக்கம் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "அண்ணி, வந்துடுச்சு" என்று போன் பண்ணினாள். முப்பத்தொன்பது டார்ச்சும் கண்ணாடியுமாக ஓடி வந்தபோது, நூற்று எண்பத்தேழு பயணிகள் பால்கனிச் சுவரைத் தாண்டி, சமையலறை வழியாக, ஒவ்வொருவராகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. அவள் தகட்டைக் கழற்றினாள். இருபத்திரண்டு ரிவெட்டில் மூன்று மிச்சம் இருந்தன. தம்பி எட்டிப் பார்த்தான், எண்ணினான், மறுபடி எண்ணினான், சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் தேற்றவில்லை. தேற்றுகிற மனநிலை அவளுக்கு இல்லை. "எழுந்திரு, டார்ச்சைப் பிடி" என்றாள். கடைசியாக இறங்கிய பயணி ஒருவர், கையில் பெட்டியோடு தம்பி முன்னால் நின்று, நேரம் காலம் இல்லாத இந்தக் கம்பெனி விமானத்தில் இனிமேல் காலே வைக்க மாட்டேன் என்று கத்தினார். தம்பி எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டான்.

கம்பெனி யாரிடமும் கேட்கவில்லை. வழக்கமான பராமரிப்பு என்று அறிக்கை விட்டது. தம்பிக்கு ஏழு மாதச் சிறை. துணைத்தலைவருக்குத் தலைவர் பதவி. தானாகத் திரும்பி வரும் விமானத்தை உருவாக்கியதற்காக இருபத்துமூன்று பேருக்கும் ஒரு பரிசு கொடுத்தார்கள், வெட்கமே இல்லாமல் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மூன்று ரிவெட்டின் படம் செய்தித்தாளில் வந்த பிறகு, பழுது பார்ப்பதைத் தடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. முப்பத்தொன்பது தன் கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தெருவிலேயே வேலை நடந்தது. ஒவ்வொரு கதவிலும் ஊதா எண் இடது பக்கம் சாய்ந்து விழுந்தது, மை காய்ந்ததும் அந்தந்த விமானம் கிளம்பிப் போனது. தையல்கடை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பி வர மறுத்துவிட்டது.

பதினோராவதுக்குச் சரியான ரிவெட் வந்துசேர ஒன்பது நாள் ஆனது. அதுவரை அது நான்காவது மாடியிலேயே நின்றது. தம்பி மனைவி அந்த ஒன்பது நாளும் துணியை அதன் இறக்கையில்தான் காயப்போட்டாள். அங்கே வெயில் நன்றாக விழுந்தது.