எல்லை முடியும்வரை பூட்டு

“கக்கூஸ் சாவியைத் தாருங்க, சார்.”

ஹெட்மாஸ்டர் ஜெயதாஸ் சார் தன் காதை நம்பவில்லை. விரலில் எடுத்த மூக்குப்பொடி மூக்குக்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

பனச்சமூட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் விமலகுமாரி டீச்சராகச் சேர்ந்த அன்றே பியூன் பொன்னப்பன் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். “டீச்சரே, லீவு கேளுங்க, சாக்பீஸ் கேளுங்க. வேணும்னா சாரு இருக்க நாற்காலியக் கூட கேளுங்க. அந்தச் சாவிய மட்டும் கேட்டுராதிய. கேட்டவிய யாருக்கும் இங்க வேலை நிரந்தரம் ஆனதில்ல.”

சாவி சாரின் கோட்டில், கடிகாரச் சங்கிலியில் தொங்கியது. கடிகாரம் என்றோ பழுதாகிவிட்டது. சங்கிலி சும்மா கிடக்க வேண்டாமே என்று சாவியை மாட்டியிருந்தார்.

எல்லாம் எல்லைப் போராட்டம் வந்த பிறகுதான். தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் “சார், ஒண்ணுக்கு” என்று விரலைக் காட்டிவிட்டுப் போன ஆறாம் வகுப்புப் பையன்கள் எல்லோரும் பாறசாலை ரோட்டில் கொடி பிடித்து நின்றார்கள். அன்று விழுந்த பூட்டு அது. காலை மணி அடித்தால் மதிய இடைவேளை வரை யாரும் வெளியே போகக் கூடாது. மிகவும் முட்டினால் சாரிடம் நேரில் வந்து, அவர் விசாரித்துத் திருப்தி அடைந்தால் சாவி.

நெய்யாற்றின்கரை தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. சாருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியாது. அதனால் தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக இரண்டு வரவேற்புரை எழுதி மேசைக்குள் வைத்திருந்தார். உடைந்த ஓடுகளை மாற்றுவது, கிணற்றுக்கு வாளி வாங்குவது, பெண்பிள்ளைகளுக்குத் தனி மறைப்பு கட்டுவது, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “எல்லை முடியட்டு. எந்த சர்க்கார் நமக்குண்டுண்ணு தெரியாம எப்பிடி கல்லு வைக்க?”

பையன்களுக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் இருந்தது. செடி நல்ல உயரம். பெண்பிள்ளைகள் வேறு வழி கண்டார்கள்: தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அந்த வித்தை விமலகுமாரிக்குப் புதிதல்ல. அவள் வீட்டில் முதலில் பி.ஏ. முடித்தவள் அவள்தான். அந்தப் பட்டத்தில் பாதி மூளையால் வந்தது, மீதி தாகத்தால்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பு கிருபாபாய் முகம் வெளுத்து எழுந்து நின்றாள். விமலகுமாரி உடனே சாரிடம் அனுப்பினாள். சார் கேட்டது ஒரே கேள்வி: “உனக்க அப்பன் ஊர்வலத்துக்குப் போனானா?” ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லக் கூடாது என்று படித்த பிள்ளை. “போனாரு சார்” என்றது. சாவி கிடைக்கவில்லை. அன்றைக்கு ஊர்வலமும் வரவில்லை. வந்தது காய்ச்சல். மறுநாள் காலை ஜெபத்தில் நின்ற இடத்திலேயே சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விமலகுமாரியிடம் தெளிவாகவே சொன்னார்: நாள் கணக்கில் தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்ததில் உள்ளே பழுத்துக் காய்ச்சல் ஏறியிருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே சார், பிள்ளையின் அம்மா தங்கபாயிடம் வேறொரு வைத்தியம் சொல்லிவிட்டார்: “பெலக்கொறவு. படிப்பு தாங்குத உடம்பு இல்ல.” இன்று தங்கபாய் பெயரை வெட்ட வருகிறாள். படிப்பு தாங்காத உடம்பு முந்திரி உடைக்கிற ஆலையில் நாள் முழுக்கக் குத்தவைத்திருக்கத் தாங்கும் என்று ஏற்பாடு.

“சாவி உமக்கு எதுக்கு டீச்சரே?”

“பூட்டைத் திறக்க. பொறவு தங்கபாய் அக்கா வரும்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். பிள்ளைக்கு ஒரு கொறவும் இல்ல, தப்பு பள்ளிக்கூடத்துக்கதுண்ணு.”

சார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “என்ன பிள்ளே பேசுத? அப்பிடிச் சொன்னா உத்தரவாதம் நம்ம தலையில இல்லியா வரும்?”

“வேற யாரு தலையில வரணும் சார்? ஓடு விழுந்து பிள்ள மண்டை உடைஞ்சா, மண்டைக்கு பெலக்கொறவுண்ணு சொல்லுவியளா?”

“ஓடு வேற, இது வேற. இது அவளுக்க உடம்புக்குள்ள நடந்த காரியமாக்கும்.”

“பூட்டு வெளிய இருந்துதே சார். உங்க சங்கிலியில.”

சார் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உமக்க வேலை நிரந்தரம் ஆவ நானாக்கும் எழுதணும். ஓர்மை உண்டா? நம்ம சபைப் பிள்ளையாச்சேண்ணு சொல்லுதேன். பைய இரி. எல்லை முடியட்டு, ரெண்டு கக்கூஸ் கெட்டலாம்.”

“மூத்திரப் பைக்கு எல்லை போன வாரமே முடிஞ்சு போச்சு சார்.”

சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு தங்கபாய் வந்தாள். நகமெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. “பேர வெட்டித் தாருங்க சாரே. எனக்கு வேலைக்குப் போவணும்.”

சார் சட்டென்று முகத்தை இரக்கமாக்கிக்கொண்டார். “அதாக்கும் தங்கபாயி நல்லது. கர்த்தர் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பெலம்...”

“கர்த்தர இதுல இழுக்காதீங்க சார். அவரு கையில சாவி இல்ல,” என்றாள் விமலகுமாரி. பிறகு தங்கபாயிடம் திரும்பினாள். “அக்கா, பிள்ள ஒண்ணுக்குப் போவ சாவி கேட்டா. அப்பா ஊர்வலத்துக்குப் போனாருண்ணு சாரு குடுக்கல. அடக்கி அடக்கி வந்த தீனமாக்கும் இது. டாக்டரு எனக்கிட்ட சொன்னாரு. நீங்க இப்பவே வந்தாலும் சொல்லுவாரு.”

தங்கபாய் சங்கிலியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

“அப்போ எனக்க பிள்ளைக்கு உடம்புல ஒண்ணும் இல்லியா?”

“ஒண்ணும் இல்ல. படிக்கலாம். எனக்க மாதிரி வாயாடியாவும் ஆவலாம்.”

“இந்த மனுசனுக்காவ நான் நேத்து கோயில்ல காணிக்கை போட்டேனே,” என்றாள் தங்கபாய். “பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன சாருண்ணு நெனச்சு.”

“தூக்குனது நானாக்கும்,” என்றான் ஜன்னலுக்கு வெளியே நின்ற பொன்னப்பன். சார் பார்த்த பார்வையில் தலையைக் கீழே இழுத்துக்கொண்டான்.

“பேர வெட்டாண்டாம்,” என்றாள் தங்கபாய். “ஆனா இதுக்கு ஒரு பதிலு வேணும்.”

“நெய்யாற்றின்கரையில ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஆபீஸ் உண்டு,” என்றாள் விமலகுமாரி. “நானும் வாறேன். சாட்சி நானாக்கும்.”

“டீச்சரே!” சார் நாற்காலியை விட்டு எழுந்தார். “வகுப்பு நேரம். இடைவேளை மணி அடிக்காம யாரும் வெளிய போவக் கூடாது. சட்டமாக்கும்!”

விமலகுமாரி மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு தங்கபாயோடு வெளியே இறங்கினாள். அவள் இன்று சோற்றுப் பாத்திரம் கொண்டு வரவில்லை என்பதைக் காலையிலேயே பார்த்திருந்த பொன்னப்பனுக்கு இப்போதுதான் காரணம் விளங்கியது. ஏழாம் வகுப்பைத் தாண்டும்போது ஜன்னலில் தலைகள் முளைத்தன.

“எங்க போறிய டீச்சரே?” என்று ஒரு பெண் குரல்.

“வெளிய,” என்றாள் அவள். “நீங்களும் தண்ணி குடியுங்க மக்கா.”

பொன்னப்பன் மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். அடிக்க நேரம் ஆகவில்லை. சாரின் கதவை ஒரு தரம் பார்த்தான், வாசலை ஒரு தரம் பார்த்தான். அதற்குள் இருவரும் பஸ் வரும் ரோட்டை அடைந்திருந்தார்கள்.